நாமும் கைநாட்டுதான்

உங்க வீட்டிலும் இப்படித்தான் நடக்கும்னு நினைக்கிறேன். ஃப்ரிட்ஜோ, வாஷிங் மெஷினோ, வண்டியோ வாங்கணும்னா, "நீயும் கூட வா, நீ படிச்ச புள்ள, நாலும் விசாரிப்பே" என்று நம்மளைக் கூட்டிட்டுப் போவாங்க. நாமளும் போவோம். போய் என்ன செய்வோம்? ஏசி காத்துல நின்னு, ஷோரூம் அண்ணன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவோம். அவர் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னா இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டுவோம்.

நான் ஆட்டியிருக்கேன். அந்தத் தலையாட்டலுக்கு எங்க அம்மா கொடுத்த விலை 5,828 ரூபாய். எப்படி இவ்வளவு துல்லியமா சொல்றேன்னு கேட்டா, அப்புறமா உட்கார்ந்து ஒவ்வொரு ரூபாயா கணக்குப் போட்டேன். முன்னாடியே போட்டிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

போன வருஷம் மே மாசம். செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு, அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தேன். வீட்டு ஃப்ரிட்ஜ் பதினாலு வருஷம் உழைச்சுட்டு, சரியா கத்திரி வெயில்ல நின்னுபோச்சு. அப்பாவுக்குத் திருப்பூர்ல வேலை, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறாங்க. நானும் அம்மாவும் பஸ் ஏறி மதுரையில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம்.

ஃப்ரிட்ஜ் விலை 28,000. மொத்தமா கொடுக்கக் கையில பணம் இல்லை. "வட்டியே இல்லாம பத்து மாசம், மாசம் 2,800 தான் மேடம்" என்று சொல்லி, ஷோரூம் மூலையில் ஒரு சின்ன டேபிளுக்கு அனுப்பினாங்க. அங்கே லேப்டாப்போட உட்கார்ந்திருந்தவர் கடையோட ஆள் இல்லை, கடன் கொடுக்கிற நிறுவனத்தோட ஆள். இது எனக்கு அப்போ தெரியாது. அவர் அம்மாகிட்ட ரெண்டு வாக்கியம் தமிழ்ல பேசினார். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இங்கிலீஷுக்கு மாறிட்டார். நானும் பெருமையா இங்கிலீஷ்லயே பதில் சொன்னேன். பிராசஸிங் ஃபீ, கார்டு ஃபீ, எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆட்டோ டெபிட் என்று வேகமா போய்க்கிட்டே இருந்தார். பாதி புரிஞ்சது. பாதி புரியலை. புரியலைன்னு சொல்ல வாய் வரலை. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், இப்போ எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஒரு ஃப்ரிட்ஜ் கடன் புரியலைன்னா எப்படின்னு ஒரு வெட்கம்.

அம்மா ரெண்டு தடவை என் கையைத் தொட்டு, "என்ன பாப்பா சொல்றாரு?"ன்னு கேட்டாங்க. நான், "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு"ன்னு சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் இன்னைக்கும் உறுத்துது. அவர் பொய் சொன்னாரான்னு கேட்டா, இல்லை. ஒவ்வொரு கட்டணத்தோட பேரையும் சொன்னார். பொய் சொன்னது நான்.

அப்புறம் அம்மா போனுக்கு மூணு ஓடிபி வந்தது. போன் என் கையில் இருந்தது. மூணையும் நான்தான் வாசிச்சேன், சத்தமா, ஒவ்வொரு எண்ணா. ஒவ்வொரு மெசேஜிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒண்ணு, கடன் விதிமுறைகளை ஏத்துக்கிறதா. இன்னொண்ணு, வாரண்டி வாங்குறதுக்குச் சம்மதம். மூணாவது, பேங்க் கணக்கிலிருந்து தவணையை நேரா எடுத்துக்க அனுமதி. நான் எண்ணை மட்டும்தான் படிச்சேன். நீங்களும் அப்படித்தான் படிப்பீங்க, இல்லையா?

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடையிலிருந்து பத்திர ஆபீஸ் வரைக்கும் கைநாட்டுத்தான். சின்ன வயசுல அந்த நீல மை படிஞ்ச கட்டைவிரலைப் பார்த்து நாங்க சிரிச்சிருக்கோம். ஆனா ஒண்ணு சொல்லணும். அப்பத்தா விரலை வைக்கிறதுக்கு முன்னாடி, "இதுல என்ன எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டு"ன்னு கேட்காம வச்சதே இல்லை. ஒரு ஆள் வாசிச்சா போதாது, ரெண்டு பேர் வாசிக்கணும், அதுவும் ஒருத்தரை அனுப்பிட்டு இன்னொருத்தர். ஓடிபின்றது நம்ம காலத்துக் கைநாட்டு. அதை நான் வாசிக்காமலேயே வச்சேன், மூணு தடவை.

விஷயம் வெளியே வந்தது பக்கத்து வீட்டு அக்காவால. எங்க ஃப்ரிட்ஜைப் பார்த்துட்டு, அடுத்த வாரமே அதே கடையில அதே மாடலை வாங்கினாங்க. அவங்க ரொக்கம். விலை 26,000. அம்மா அதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. "நமக்கு மட்டும் ஏன் 28?"ன்னு மட்டும் என்னைக் கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு வந்திருந்த மெயிலைத் திறந்தேன். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது என் மெயில் ஐடிதான். பத்து நாளா திறக்காம கிடந்தது.

பிராசஸிங் ஃபீ 799. கார்டு ஃபீ 530. எக்ஸ்டெண்டட் வாரண்டி 2,499. தவணை மொத்தம் 28,000. கூட்டினா 31,828. அக்கா கொடுத்தது 26,000. வித்தியாசம் 5,828. அம்மா ஒரு லைனிங் ப்ளவுஸ் தைக்க 250 ரூபாய் வாங்குறாங்க. 23 ப்ளவுஸுக்கு மேல ஆகுது.

வாரண்டியை விட்டுடுவோம், அது ஒரு பொருள், வேணும்னா வாங்கலாம். மீதியை மட்டும் வச்சு வட்டி விகிதம் என்னன்னு பார்த்தேன். 26,000 ரூபாய்ப் பொருளுக்குக் கட்டணமா முதல்லயே 1,329 கொடுத்தாச்சு. அப்போ உண்மையில் நமக்குக் கிடைச்ச கடன் 24,671. அதுக்கு மாசம் 2,800 வீதம் பத்து மாசம். நியூமரிக்கல் மெத்தட்ஸ்ல நியூட்டன்-ராப்சன் முறை இதுக்கெல்லாம் பயன்படும்னு எந்த சாரும் சொல்லலை. போட்டுப் பார்த்தா மாசத்துக்கு 2.37 சதவீதம் வருது. வருஷத்துக்கு 28 சதவீதம். வட்டியே இல்லாத கடன்!

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். கட்டணம் எல்லாம் எங்கேயாவது ஒரு தாளில் எழுதியிருக்கும். தேடினா கிடைக்கும். ஆனா ரொக்கத்துக்குக் கொடுக்கிற 2,000 தள்ளுபடி நமக்குக் கிடைக்காம போச்சே, அது எந்தத் தாளிலும் இருக்காது. கடன் நிறுவனத்துக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை, கடைக்காரர் தானா சொல்லப் போறதும் இல்லை. அதனால இஎம்ஐன்ற வார்த்தையே வாயில வராம, முதல் கேள்வியா "ரொக்கமா கொடுத்தா கடைசி விலை என்ன?"ன்னு கேட்கணும். அந்த விலை கையில் இருந்தாத்தான் கடனோட உண்மையான விலை தெரியும். முதல்லயே இஎம்ஐன்னு சொல்லிட்டா அந்த ரொக்க விலை உங்க காதுக்கு வரவே வராது. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாது, வட்டி வேற பேர்ல ஒளிஞ்சிருக்குன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. நாம எல்லாரும் அப்போ மூணாவது, நாலாவது படிச்சுக்கிட்டிருந்தோம்.

கிரெடிட் கார்டு வச்சு ஆன்லைன்ல வாங்குற நோ-காஸ்ட் இஎம்ஐயும் இதேதான். வட்டியைப் போட்டு, அதே அளவு தள்ளுபடியைக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது உங்க தலையில. பெரிய தொகை இல்லை. ஆனா 'நோ-காஸ்ட்' இல்லை.

சரி, அந்த மெயிலுக்கு வருவோம். அதில் இருந்த ஒரு தாளுக்குப் பேர் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், சுருக்கமா கேஎஃப்எஸ். 2024 அக்டோபர் 1 முதல், நம்மளை மாதிரி தனிநபர்களுக்குக் கடன் கொடுக்கிற வங்கியும் நிதி நிறுவனமும் இதைக் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் தொகை, எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்திர விகிதம், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கணும். அதில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம பின்னாடி வசூலிக்கக் கூடாது. அந்தத் தாளைக் கொடுத்ததுக்கு அப்புறம், ஏழு நாளோ அதுக்கு மேலயோ ஓடுற கடன்னா, குறைந்தது மூணு வேலை நாள் வரைக்கும் அந்த நிபந்தனைகள் செல்லும். அதாவது "இப்பவே ஓகே சொல்லுங்க மேடம்"ன்னு அவசரப்படுத்தினா, கடனைப் பொறுத்தவரைக்கும் அந்த அவசரம் அவருடையது, உங்களுடையது இல்லை. தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், கூட்டிப் பார்த்து, நாளை மறுநாள் வரலாம்.

இன்னொரு விதி. கடன் வாங்குறவருக்குப் புரியற மொழியில் அந்தத் தாள் இருக்கணும். அதில் உள்ளதை விளக்கிச் சொல்லி, புரிஞ்சதுன்னு அவர்கிட்ட ஒப்புதல் வாங்கணும். எங்களுக்கு வந்தது இங்கிலீஷ்ல. விண்ணப்பத்தில் விருப்ப மொழின்னு ஒரு கட்டம், அதில் இங்கிலீஷ்னு டிக் இருந்தது. டிக் பண்ணச் சொல்லி நாங்க யாரும் சொல்லலை. ஆனா அந்த டேபிள்ல யார் இங்கிலீஷ்ல பேசினா? நான்தானே. கடன் வாங்கினது அம்மா, அவங்க விகடன்ல ஒரு எழுத்து விடாம வாசிக்கிறவங்க. தமிழ்ல கொடுத்திருந்தா அந்த இடத்திலேயே 799-ல விரலை வச்சு "இது என்ன?"ன்னு கேட்டிருப்பாங்க. கேட்கத் தெரிஞ்ச ஆளுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில நான் உட்கார்ந்திருந்தேன், படிச்ச புள்ளயா.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு நாள் ஞாபகம் வருது. 2023 ஜூன், ஃபர்ஸ்ட் இயர் முடிச்சிருந்தேன். அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு பவுன்ல செயின் எடுக்கப் போனோம். ரெண்டு பவுன்னா 16 கிராம். அப்பத்தாவும் வந்தாங்க. வரவேண்டாம்னு எனக்குள்ள ஒரு நினைப்பு இருந்தது, ஏன்னா அப்பத்தா கடையில குரலைக் குறைக்க மாட்டாங்க.

உட்கார்ந்ததும் ஜூஸ் கொடுத்தாங்க. அப்பத்தா குடிக்கலை. "முதல்ல தராசுல ஒண்ணுமில்லாம என்ன காட்டுதுன்னு காட்டு தம்பி"ன்னாங்க. காட்டினார், பூஜ்யம். அப்புறம்தான் செயினை வைக்க விட்டாங்க. "கல்லு பதிச்சிருந்தா அதோட எடையைக் கழிக்கணும், இதுல கல்லு இல்லையே?" இல்லை. "சேதாரம் எத்தனை?" 14 சதவீதம்னார். "எதுக்கு 14? இது மெஷின் செயினு, கையில முறுக்குனதா?" பக்கத்து டேபிள்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. எனக்குக் காது சூடாச்சு. போனை எடுத்து அதில முகத்தைப் புதைச்சுக்கிட்டேன்.

கடைசியா 9 சதவீதத்துக்கு வந்தது. ரெண்டு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போனதும் அதில் சேர்த்தி. அஞ்சு சதவீதம்னா 16 கிராமில் 0.8 கிராம். தங்கம் விக்கிற விலையில் அது எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கங்க. இந்த வித்தியாசத்துக்கு மேல 3 சதவீத ஜிஎஸ்டியும் மிச்சம், ஏன்னா வரி சேதாரத்தையும் சேர்த்த மொத்தத் தொகைக்குத்தான். நகையில் சேதாரம்னு சொல்றது உண்மையில் பட்டறையில் சேதமான தங்கம் மட்டும் இல்லை. கடையோட லாபமும் அந்தப் பேரில்தான் உட்கார்ந்திருக்கு. அதனாலதான் கேட்டா குறையுது. நிஜமா சேதமானது கேட்டா குறையுமா?

அப்பத்தாவுக்குத் தெரியாத ஒண்ணே ஒண்ணு அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தது, அதையும் நான் செய்யலை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி இல்லாம விக்கக் கூடாது. பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப், அதில் அந்த ஆறையும் போட்டா நகையோட வகை, தரம், எந்த மையத்தில் சோதிச்சாங்க எல்லாம் வரும். போன் என் கையிலதான் இருந்தது. அதில் நான் முகத்தை மறைச்சுக்கிட்டிருந்தேன். கடைக்காரர் முன்னாடி உட்கார்ந்து அவரைச் சந்தேகப்படுற மாதிரி ஆகிடுமோன்னு தயக்கம். அப்பத்தா தராசை பூஜ்யம் காட்டச் சொன்னப்போ அவர் கோபப்படலையே, சிரிச்சுக்கிட்டேதான் காட்டினார். அது எனக்கு உறைக்கலை.

ரெண்டு நாளையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. அப்பத்தா மாதிரி ஆகிடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து நடந்துக்கிட்டவ, ரெண்டு வருஷம் கழிச்சு 5,828 ரூபாயை அம்மா தலையில கட்டினேன். கணக்கு எனக்கு அப்பத்தாவை விட நல்லாவே வரும். வராதது, நாலு பேர் முன்னாடி "எனக்குப் புரியலை, திரும்பச் சொல்லுங்க"ன்னு சொல்றது. நம்ம படிப்பு பதினாறு வருஷமா அதைத்தான் சொல்லித் தராம விட்டிருக்கு. கிளாஸ்ல "எனி டவுட்ஸ்?"னு கேட்டா அறுபது பேரும் அமைதியா இருப்போமே, அந்த அமைதியைத்தான் ஷோரூமுக்கும் எடுத்துட்டுப் போறோம்.

என் படிப்பு எலக்ட்ரிக்கல்னு சொன்னேன் இல்ல? அதையும் அன்னைக்குப் பயன்படுத்தலை. அம்மா, "கரண்ட் எவ்வளவு இழுக்கும்?"னு கேட்டாங்க. ரொம்ப நல்ல கேள்வி. "ஸ்டார் அதிகம்னா கம்மிதாம்மா"ன்னு முடிச்சுட்டேன். ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஸ்டாரை விட முக்கியமான எண் ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு. ரெண்டு மாடலோட அந்த எண்ணைக் கழிச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 60 யூனிட் வித்தியாசம்னு வச்சுக்குவோம், யூனிட் 5 ரூபாய்னா 300 ரூபாய். அதுக்காக 4,000 ரூபாய் கூடக் கொடுத்தா, அந்தப் பணம் திரும்பி வர 13 வருஷம். ஏசின்னா கதை வேற, அது இழுக்கிற கரண்ட்டுக்கு ஸ்டார் நிஜமாவே முக்கியம், அதுவும் ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டினா விலைப்பட்டியலே மாறிடுற நம்ம ஊர்ல. ஸ்டிக்கர்ல எந்த வருஷத்துக்கான ஸ்டார்னும் போட்டிருக்கும். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குறாங்க, அதனால குடோன்ல கிடந்த பழைய அஞ்சு ஸ்டாரும் இன்னைக்குத் தயாரான அஞ்சு ஸ்டாரும் ஒண்ணு இல்லை.

போன தீபாவளிக்கு என் ரூம்மேட்டோட அவள் ஸ்கூட்டர் வாங்கப் போனேன். செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருந்ததால ஷோரூம்ல கூட்டம் பிதுங்குச்சு. ஆன்-ரோடு விலைன்னு ஒரே ஒரு எண்ணைச் சொன்னாங்க. இந்தத் தடவை நான் சும்மா இருக்கலை. "பிரிச்சு எழுதிக் கொடுங்க அண்ணா"ன்னேன். எக்ஸ்-ஷோரூம், சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ், அதுக்குக் கீழே ஆக்சசரீஸ் 3,200, ஹேண்ட்லிங் 1,500. கடைசி ரெண்டும் அரசாங்கம் கேட்கிறது இல்லை. ஹெல்மெட்டுக்குத் தனியா 1,200 போட்டிருந்தாங்க. ரெண்டு சக்கர வண்டி வாங்கும்போது ஐஎஸ்ஐ தரத்தில் ஹெல்மெட் கூடவே கொடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கு. அதைச் சொன்னேன், குரல் நடுங்குச்சு, ஆனா சொன்னேன்.

அவர் உள்ளே போனார். பத்து நிமிஷம் கழிச்சு வந்தார். ஹெல்மெட் ஃப்ரீ, ஆக்சசரீஸ்ல அவளுக்கு வேணும்ன்ற மேட் மட்டும், ஹேண்ட்லிங் அப்படியே இருக்கும்னார். அதை விட மாட்டேன்னு அவர் நின்னார், நாங்களும் சோர்ந்துட்டோம், கொடுத்துட்டு வந்தோம். ஜெயிச்சோம்னு எல்லாம் சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸை வெளியே எடுத்துக்கலாம்ன்றதை நாங்க கேட்கவும் மறந்துட்டோம். புது டூவீலருக்கு 2018 செப்டம்பர்ல இருந்து மூன்றாம் நபர் காப்பீடு அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துத்தான் எடுக்கணும், அதனால தொகை பெருசாத்தான் தெரியும். ஆனா அதை அந்த ஷோரூம் சொல்ற கம்பெனியிலதான் எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. ரெண்டு இடத்தில் விலை கேட்கலாம்.

வண்டிக் கடனைப் பத்தி ஒரு வரி, ஏன்னா இன்னும் ஆறு மாசத்தில் நம்மில் பாதிப் பேர் முதல் சம்பளத்தை நம்பி அதைத்தான் வாங்கப் போறோம். "பத்து சதவீதம் ஃப்ளாட்"னு சொன்னா, ஒரு லட்சத்துக்கு வருஷம் 10,000, ரெண்டு வருஷத்துக்கு 20,000, மாசம் 5,000 கட்டணும். அசல் மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வருது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசி வரைக்கும் ஓடுது. குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டா அது 18 சதவீதத்துக்கும் மேல. ஃப்ளாட்டான்னு கேளுங்க. ஆமான்னா ஏபிஆர் என்னன்னு கேளுங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு யாரும் போய் ஷோரூம்ல சண்டை போட்டுடாதீங்க. அந்த டேபிள்ல உட்கார்ந்திருந்தவர் மெக்கானிக்கல் முடிச்சவர், பேச்சுவாக்கில் அவரே சொன்னார். மாசத்துக்கு இத்தனை வாரண்டி விக்கணும்னு அவருக்கு டார்கெட். நம்ம சீனியர் யாராவது இன்னைக்கு அப்படி ஒரு டேபிள்ல இருப்பாங்க, நாளைக்கு நாமளும் இருக்கலாம். அவர் சொல்றதைச் சொல்வார். கேட்கிறது நம்ம வேலை. அப்பத்தா நகைக்கடையில கடைசி வரைக்கும் "தம்பி"ன்னுதான் கூப்பிட்டாங்க.

வாங்கிட்டு வந்தப்புறமும் இதே வெட்கம் வேற உருவத்தில் வரும். ஃப்ரிட்ஜ் வந்த மூணாவது வாரம் ஃப்ரீசர்ல ஐஸ் பிடிக்கலை. சர்வீஸுக்கு வந்தவர் கதவைத் திறந்து பார்த்துட்டு, "பார்ட் வரணும், நாளைக்கு வரேன், இப்போ ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க"ன்னார். அது புகாரை முடிச்சு வைக்கிற ஓடிபி. கொடுத்துட்டா அவங்க கணக்கில் வேலை முடிஞ்சது, நாம புதுசா முதல்லயிருந்து புகார் கொடுக்கணும். இந்தத் தடவை மெசேஜை முழுசா வாசிச்சேன். "வேலை முடிஞ்சதும் சொல்றேன் அண்ணா"ன்னேன். முணுமுணுத்தார். ரெண்டு நாள்ல பார்ட்டோட வந்தார்.

ஆபீஸ் வேலைகளும் இப்படித்தான். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அலைஞ்ச நாளை மறந்திருக்க மாட்டீங்க. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க"ன்னா தலையாட்டிட்டு வந்து, ரெண்டு நாள் கழிச்சுப் போனா "ஒரிஜினல் எங்கே?"ன்னு கேட்பாங்க. அன்னைக்கே நின்னு, என்னென்ன கொண்டு வரணும், யாரைப் பார்க்கணும், விண்ணப்ப எண் என்னன்னு கேட்டு எழுதிக்கிட்டா ஒரு பஸ் டிக்கெட் மிச்சம். பின்னாடி வரிசை முறைக்கும். முறைக்கட்டும்.

அந்த வாரண்டி பணம் என்னாச்சுன்னு கேட்பீங்க. கம்பெனிக்கு மூணு தடவை போன் பண்ணேன், ஒண்ணும் நடக்கலை. அப்புறம் 1915-க்குப் பண்ணேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். பில், மெயில், மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கேட்டாங்க, புகார் எண் கொடுத்தாங்க. அஞ்சு வாரம் கழிச்சு 2,499 அம்மா கணக்குக்குத் திரும்பி வந்தது. வாரண்டி விதிமுறைத் தாளை எங்களுக்குக் கொடுக்கவே இல்லைன்றதுதான் எங்க பக்கம் இருந்த ஒரே பலம். மத்த எதுவும் திரும்ப வரலை, வரவும் நியாயம் இல்லை. அந்த ஓடிபியை வாசிச்சது நான்தான். இதுக்கு மேலயும் போகணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை, கடை எந்த ஊர்ல இருந்தாலும் உங்க சொந்த மாவட்டத்திலேயே கொடுக்கலாம், வக்கீல் வேணும்னு இல்லை. ஆனா எல்லாத்துக்கும் பில் வேணும். பில் கொடுக்க மறுக்கிறதே 2019 சட்டப்படி தப்பு. பில்லுக்குப் பின்னாடி "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ன்னு அச்சடிச்சிருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கிறதும் அதே சட்டத்தில் தப்புத்தான். பில்லில் கெடு போட்டிருந்தா அந்தக் கெடுவுக்குள்ள, போடலைன்னா 30 நாளுக்குள்ள கேட்கலாம். அந்தத் தெர்மல் பேப்பர் பில் ஆறு மாசத்தில் வெளுத்துடும், வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சிடுங்க.

அம்மாகிட்ட நான் இன்னும் முழுசா சொல்லலை. 2,499 வந்தப்போ, "பாரு, எம்புள்ள பேசி வாங்கிட்டா"ன்னு தெருவெல்லாம் சொன்னாங்க. அந்த ஓடிபி கதையை எப்படிச் சொல்றது? இந்தக் கட்டுரையை அனுப்பி வைக்கலாம்னு இருக்கேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பின்னாடி ஷோரூம் சத்தம். ஓவர்லாக் மெஷின் வாங்கப் போயிருக்காங்க, தனியா. "பாப்பா, அந்த மூணு நாள் பேப்பர் பேரு என்ன?"ன்னாங்க. கேஎஃப்எஸ்மான்னு சொன்னேன். போனைக் காதிலேயே வச்சுக்கிட்டு, அங்கே இருந்தவர்கிட்ட, "தம்பி, கேஎஃப்எஸ்ஸு. ஆமா, தமிழ்ல. இல்லாட்டி ரொக்கத்துக்கு என்ன விலைன்னு சொல்லுங்க, நான் அடுத்த மாசம் வரேன்"ன்னு சொல்றது கேட்டது. அதுக்கு அவர் ஏதோ இங்கிலீஷ்ல சொன்னார். "புரியலை தம்பி, திரும்பச் சொல்லுங்க"ன்னாங்க அம்மா. அப்புறம் என்கிட்ட, "சரி வச்சிடு, நான் பார்த்துக்கிறேன்"னு போனை வச்சுட்டாங்க.